கூட வந்தவங்க காதுல விழணும்

சாஞ்சுக்கங்க டீச்சர். தலையை இன்னுங் கொஞ்சம் பின்னாடி. அவ்வளவுதான். பயப்படாதீங்க, இப்பவே வேக்ஸ் வைக்கப் போறதில்ல, அது இன்னும் உருகல. அதுக்கு முன்னாடி முகத்தைத் தயார் பண்ணணும். புருவத்துக்கு வேக்ஸ்னாலே எல்லாரும் அந்த வெடுக்குன்னு இழுக்குறதைத்தான் நினைச்சுக்கிட்டு வர்றாங்க. இழுக்குறது ஒரு நொடி. முன்னாடி பண்றதுதான் வேலை. அதைச் சரியாப் பண்ணலைன்னா பேரு கெட்டுரும். பண்ணாலும் கெட்டுருது, அது வேற விசயம்.

என் பேரு பாண்டிமீனா. போர்டுல வெறும் மீனான்னுதான் இருக்கும். நீங்க ஊருக்குப் புதுசுன்னு படியேறும்போதே கண்டுபிடிச்சிட்டேன். எப்பிடின்னு கேளுங்க. உள்ளூருப் பொண்ணா இருந்தா என் கடைக்கு வந்திருக்க மாட்டீங்க. சிரிக்காதீங்க டீச்சர், நிசமாத்தான் சொல்றேன். போன வைகாசி வரைக்கும் இந்த நேரத்துக்கு அந்த சோபாவுல உக்கார இடம் இருக்காது. தேனியில முகூர்த்தம்னா மொத போன் எனக்குத்தான் வரும். இப்பப் பாருங்க, பூனை படுத்திருக்கு. விரட்டவும் மனசு வரல, அதாச்சும் வருதேன்னு.

கண்ணை மூடிக்கங்க. மை போட்டிருக்கீங்க, துடைச்சிடுறேன். எண்ணெய்ப் பசை ஒரு பொட்டு இருக்கக் கூடாது. இருந்தா வேக்ஸ் முடியைப் பிடிக்காம வழுக்கும், திரும்பத் திரும்ப ஒரே இடத்துல வைக்கணும், தோல் புண்ணாயிரும். தலைக்கு வச்ச தேங்காண்ணெய் நெத்தி வரைக்கும் இறங்கிருக்கு பாருங்க. பரவால்ல, பஞ்சுல எடுத்துடலாம். வெயில்லயா நடந்து வந்தீங்க? கன்னம் செவந்துருக்கு. கூட வந்த உங்க மாமியார் கீழ தையல் கடையில நிக்கிறாங்கன்னா மெதுவா வரட்டும்.

நாகஜோதி கதையை ஸ்கூல்ல யாரும் சொல்லலையா? சொல்லிருப்பாங்களே. இல்லையா? அப்ப நானே சொல்லிடுறேன். மத்தவங்க வாயில கேட்டா நான் என்னமோ கொலைகாரி மாதிரி இருக்கும்.

நாகஜோதின்னு ஒரு பொண்ணு. அவங்கப்பாவுக்கு மார்க்கெட்டுல வாழைக்காய் மண்டி. போன வைகாசியில கல்யாணம் வச்சிருந்தாங்க. மாப்ள வீடு போடி, ஏலக்கா வியாபாரம், காரு, பங்களான்னு வசதியான எடம். மாப்ளையோட அம்மா பேரு தனபாக்கியம். பேருக்கேத்த மாதிரிதான் இருக்கும் அந்தம்மா. நாகஜோதியைப் பாத்ததும் வேற எதுவும் கேக்கலையாம். நகை கேக்கல, படிப்புக் கேக்கல. "பொண்ணு நல்லா வெளுப்பா இருக்கா, எங்க வீட்டுப் பேரப்புள்ளைக வெளுப்பாப் பொறக்கணும்"னு அன்னைக்கே பூ வச்சுட்டுப் போயிருச்சு. கலருக்காக மட்டுமே அமைஞ்ச சம்பந்தம்னு வச்சுக்கங்களேன். அது ஊருக்கே தெரியும்.

நிச்சயத்துக்கு அலங்காரம் நான்தான். பொண்ணோட அம்மா கூட்டிட்டு வந்தாங்க. நல்ல பொண்ணு, வாயே திறக்காது. நான் சும்மா இருக்க மாட்டாம, "கல்யாணத்துக்குள்ள இன்னும் ஒரு சுத்து வெளுத்துட்டான்னா போட்டோவுல தூக்கிரும்"னேன். ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். எல்லார்ட்டயும் சொல்றேன், உங்ககிட்டயும் சொல்லுவேன். அதைப் போயி யாராச்சும் மனசுல வச்சுக்குவாங்களா?

மூச்சை விடுங்க டீச்சர், இது வெறும் தண்ணித் துணிதான். ஈரம் போக ஒத்தி எடுக்குறேன். தேய்க்கக் கூடாது. தோல் நல்லாக் காஞ்சப்புறம்தான் பவுடர்.

கல்யாணம் ஞாயித்துக்கிழமை. அந்த வியாழக்கிழமை மாப்ள வீட்டாளுக பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்க வீட்டு வழக்கம் அப்பிடி. முகூர்த்தப் பட்டு மாதிரி, பொண்ணுக்கு அலங்காரச் செலவும் மாப்ள வீடுதான். அவங்களே கூட்டிட்டு வந்து, கூடவே உக்காந்து, எல்லாத்தையும் பாத்துத்தான் போவாங்க. தனபாக்கியம் அம்மா, அது மக, மகளோட நாத்தனாரு, இன்னும் யாரோ ரெண்டு பேரு. சோபாவுல எடம் பத்தாம ஸ்டூலெல்லாம் எடுத்துப் போட்டேன். பொண்ணு வீட்டுலருந்து ஒருத்தரும் வரல. நடுவுல இந்தச் சேர்ல நாகஜோதி.

அந்தம்மாவோட மக மெட்ராஸ்ல இருக்குறவ, அவளுக்குப் புருவத்துல வேக்ஸ் எடுத்துப் பழக்கம். அதனால நாகஜோதிக்கும் வேக்ஸ்தான் எடுக்கணும்னு அந்தம்மா சொல்லிருச்சு. அவ மெதுவா, "நூல் போட்டே எடுத்துருங்கக்கா, எனக்கு அதுதான் பழக்கம்"னா. நான் என்ன நினைச்சேன், வலிக்குப் பயப்படுறான்னு நினைச்சேன். "கழுத்துல தாலி ஏறப் போகுது, இதுக்குப் போயி பயந்தா எப்பிடி"ன்னு கேலி பண்ணேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா, சிரிக்கலைன்னு சொல்ல மாட்டேன்.

அப்புறம் "அக்கா, பாத்ரூம் எங்க இருக்கு, கொஞ்சம் வந்து காட்டுங்களேன்"னா. எதுத்தாப்புல இருக்கு பாத்ரூம். கதவுல பொம்பளை படம் ஒட்டிருக்கு. நிச்சயத்தன்னைக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்தவ. "அந்தா இருக்கே கண்ணு முன்னாடி"ன்னேன். எந்திரிச்சுப் போனா, உடனே திரும்பி வந்துட்டா. "தாழ்ப்பாள் சரியா விழல, கொஞ்சம் வர்றீங்களா"ன்னா. எனக்கு வேக்ஸ் கையில இருக்கு. "நாங்க பொம்பளைகதான இருக்கோம், சும்மா சாத்திட்டுப் போ"ன்னேன். கல்யாணப் படபடப்புல சில பொண்ணுக இப்பிடித்தான் நிலைகொள்ளாம கெடக்கும். எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன், நல்லாக் கேளுங்க. நான் அவளைக் கேட்டேன். கேக்கலைன்னு எவளாச்சும் சொன்னா அவ நாக்கு அழுகிரும். வேக்ஸ் வைக்கிறதுக்கு முன்னாடி, "முகத்துல ஏதாச்சும் க்ரீம் போடுறியா? பருவுக்கு, கலருக்கு, மெடிக்கல்ல வாங்கினது, டாக்டர் குடுத்தது, எதாச்சும் உண்டா?"ன்னு சத்தமாக் கேட்டேன்.

ஏன் சத்தமான்னா, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. முன்னாடி ஒரு வக்கீலு வீட்டம்மா தலைக்கு டை அடிக்க வந்துச்சு. "டை ஒத்துக்குமா, முன்னாடி அரிச்சிருக்கா?"ன்னு தனியாத்தான் கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுச்சு. மறுநாளு காதெல்லாம் வீங்கிப் போயி, புருசனைக் கூட்டிட்டு வந்து, "இவ என்னை ஒரு வார்த்தை கேக்கல"ன்னு என் மூஞ்சிக்கு நேரா சாதிச்சுச்சு டீச்சர். எனக்கு யாரு சாட்சி? இந்தச் செவுரா? அன்னைக்கு முடிவு பண்ணேன். இனிமே எதைக் கேட்டாலும் கூட வந்தவங்க காதுல விழுற மாதிரித்தான் கேக்கணும். அப்பத்தான் நாளைக்கு நம்ம தலை தப்பும்.

அதனால கேட்டேன். அத்தனை பேரு முன்னாடியும் கேட்டேன். நாகஜோதி என்னைப் பாக்கல, கண்ணாடியில அந்தம்மாவைப் பாத்தா. பாத்துட்டு "இல்லக்கா"ன்னா. நான் விடல. "நல்லா யோசிச்சுச் சொல்லு, கலருக்குன்னு எதுவும் போடலையே?"ன்னு திருப்பிக் கேட்டேன். அதுக்குள்ள தனபாக்கியம் அம்மா, "அவளுக்கு எதுக்குங்க அதெல்லாம், அது பொறவிக் கலரு. அதைப் பாத்துத்தான எடுத்தோம்"னு பெருமையாச் சொல்லுச்சு. நாகஜோதி தலையை ஆட்டுனா. இத்தனை சாட்சி டீச்சர்! இதுக்கு மேல ஒரு மனுசி என்ன பண்ண முடியும்?

கையை நீட்டுங்க, மணிக்கட்டுல சூடு பாக்குறேன். சுடுதா? வெதுவெதுன்னு இருந்தாப் போதும். இதையும் அன்னைக்குப் பண்ணேன். முறைப்படி பாத்தா மொத நாளே புருவத்துக்கு ஓரமா, முடி ஆரம்பிக்கிற எடத்துல ஒரு துளி வச்சுப் பாத்துட்டு அனுப்பணும். ஒரு நாள் பொறுத்தா தோலு என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சிரும். ஆனா அன்னைக்கு அந்தம்மா காரு கீழ ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது, டிரைவரு ஆரன் அடிக்கிறான். மணிக்கட்டுல வச்சுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. மணிக்கட்டுல யாரு க்ரீம் பூசுவா, சொல்லுங்க.

பவுடர் போட்டேன். சின்ன பிரஷ்ஷால புருவத்தைச் சீவி விட்டேன். தோலை ரெண்டு விரல்ல இழுத்துப் பிடிச்சேன். வேக்ஸ் வச்சேன், துணி ஒட்டுனேன், இழுத்தேன். ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா துணியில முடி மட்டும் வரல.

தோலும் சேர்ந்து வந்துருச்சு டீச்சர். வெங்காயச் சருகு மாதிரி. புருவத்துக்குக் கீழ இவ்வளவு எடம் செவசெவன்னு ஆயி, நீரு கோத்து நிக்குது. எத்தனை வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், அப்பிடி ஒண்ணு நடந்ததில்ல. அவ கத்தல. கண்ணைக்கூடத் திறக்கல. ரெண்டு கண்ணுலயும் தண்ணி மட்டும் காதுப் பக்கமா ஓடுது.

அந்தம்மா எந்திரிச்சு வந்து பாத்துச்சு. "அடிப்பாவி, ஞாயித்துக்கிழமை கல்யாணத்தை வச்சுக்கிட்டு என் மருமக மூஞ்சியைப் பொசுக்கிட்டியே"ன்னுச்சு. பொசுக்கிட்டியாம்! வேக்ஸ் சூடு அதிகமாம், எனக்குத் தொழிலே தெரியாதாம். மக ஒரு பக்கம் போனை எடுத்துப் படம் பிடிக்கிறா. நாளைக்கு இந்த ஊர்ல நான் தலை காட்டணுமா வேணாமா?

எனக்கு அந்தத் தோலைப் பாத்ததுமே விளங்கிருச்சு. இது என் சூட்டுல வந்ததில்ல. மெடிக்கல்ல சீட்டு இல்லாமக் குடுக்குறானுகளே வெளுப்பு க்ரீமு, அதைப் பூசிப் பூசித் தேஞ்ச தோலு. அதைப் போடுறவங்க முகம் மொதல்ல பளபளன்னு இருக்கும், அப்புறம் காகிதம் மாதிரி ஆயிரும், லேசா வெயில் பட்டாச் செவக்கும். அதுல வேக்ஸ் வைக்கவே கூடாது, நூல்தான். "நாகஜோதி, உண்மையைச் சொல்லு, என்ன க்ரீம் போடுற?"ன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அக்கா, வேணாம்க்கா"ன்னா. அவ்வளவுதான், வேற பேச்சில்ல. பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சு ரத்தம் வந்துருச்சு எனக்கு. அதை யாராச்சும் பேசுறாங்களா? என் கையில வந்த ரத்தத்தைப் பத்தி இந்த ஊர்ல ஒருத்தி பேசல.

நான் கையை உதறிட்டேன். எனக்கு என் பேரு முக்கியம். அவ முடியை ஒதுக்கி, காதை மடக்கி, காதுக்குப் பின்னாடி, பிடறியில க்ரீம் படாத எடத்தை அந்தம்மாவுக்குக் காட்டுனேன். "இந்தா பாருங்கம்மா, இதுதான் இவ கலரு. முகத்துல இருக்குறது மெடிக்கல் கலரு. இப்பச் சொல்லுங்க, தப்பு என் மேலயா?"ன்னேன்.

எல்லாரும் கிட்ட வந்து பாத்தாங்க டீச்சர். ஒவ்வொருத்தியா குனிஞ்சு அவ காதுக்குப் பின்னாடி பாத்தாங்க. போன்ல லைட்டு அடிச்சுப் பாத்தாங்க. அந்தம்மா புண்ணை மறந்தே போச்சு. "அப்ப பொறவியிலயே நீ கறுப்பா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. அவங்க வேகவேகமா படியிறங்கிப் போயிட்டாங்க. காரு போற சத்தம் கேட்டுச்சு. இவளை ஏத்திக்காமயே போயிட்டாங்க. ஐஸை வச்சு, கத்தாழை ஜெல் தடவி, நான்தான் ஆட்டோ பிடிச்சு ஏத்தி விட்டேன். அதை யாரு சொல்றாங்க?

கல்யாணம் நின்னுருச்சு. சாயங்காலமே ஆள் விட்டுச் சொல்லிட்டாங்களாம். மண்டபத்துக்கு முன்னாடி நடுறதுக்கு வாழை மரம்கூட நாகஜோதி அப்பா மண்டியில எடுத்து வச்சிருந்தார்னு சொன்னாங்க. எனக்குக் கேக்கும்போது கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் என்ன பண்ண? மறுநாள் அவ அம்மா படியில உக்காந்துக்கிட்டு, "நீ ஒரு சுத்து வெளுக்கணும்னு சொன்ன அன்னையிலருந்துதானே என் புள்ள ராத்திரி மட்டும் போட்டதைக் காலையிலயும் போட்டா"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுகுது. பழியைப் போட ஒரு ஆள் வேணும், நான் கிடைச்சேன். நான் என்ன க்ரீமா வாங்கிக் குடுத்தேன்?

பவுடர் போடுறேன், தும்மாதீங்க. லேசாத்தான். வேக்ஸ் தோல்ல ஒட்டாம முடியில மட்டும் ஒட்டுறதுக்கு.

அதுலருந்து ஒரு கல்யாணப் பொண்ணு இந்தப் படி ஏறல. தோலை உரிச்சுட்டேன்னு பயம்னு நினைச்சேன். கீழ ஜாக்கெட் தைக்கிற பொன்னழகு இருக்காளே, அவகிட்ட, "நான்தான் நிரூபிச்சுக் காட்டிட்டேனே, தப்பு என் மேல இல்லைன்னு, அப்புறமும் ஏன் வர மாட்டேங்கிறாளுக?"ன்னு கேட்டேன். "நீ நிரூபிச்சதுனாலதான் வரல"ன்னா. "உன் கையை ஒருத்தரும் குறை சொல்லல மீனா. உங்கிட்ட முகத்தைக் குடுக்கத்தான் பயப்படுறாளுக"ன்னா. பொறாமை டீச்சர். நான் நல்லா இருந்தப்ப அவளுக்கு ஒரு நாளும் பொறுக்கல. இப்பப் பேசிக் காட்டுறா.

அதெல்லாம்கூட விடுங்க. போன மாசம் ஒரு மத்தியானம் யாரோ படியேறி வந்து நின்னா. அடையாளமே தெரியல. மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. பொட்டு இல்ல, மை இல்ல. "என்னக்கா, தெரியலையா?"ன்னப்புறம்தான், அட, நாகஜோதி! பெரியகுளத்துல ஒரு ஆஸ்பத்திரியில பில்லு போடுற வேலையாம். தோலு நல்லாவே தேறியிருந்துச்சு. புருவத்துக்குக் கீழ மட்டும் லேசா ஒரு நெழல் மாதிரி. சண்டைக்குத்தான் வந்திருக்கான்னு நினைச்சேன். அவ நேரா இந்தச் சேர்ல வந்து உக்காந்தா. "புருவம் எடுத்து விடுங்க"ன்னா.

எடுத்தேன். நூல்தான் போட்டேன். வில்லு மாதிரி வந்துச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு. அவ ரொம்ப நேரம் கண்ணாடியைப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் சாதாரணமா, கோவமெல்லாம் இல்லாம, "அன்னைக்கு என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தீங்கன்னா சொல்லிருப்பேன்க்கா"ன்னு சொன்னா. சொல்லிட்டுச் செருப்பை மாட்டிட்டு இறங்கிப் போயிட்டா.

திமிரைப் பாத்தீங்களா? தனியாக் கேக்கணுமாம்! தனியாக் கேட்டா, அவ தனியா ஒண்ணு சொன்னா, நாளைக்கு அதை இல்லைன்னு சொன்னா, எனக்கு யாரு சாட்சி? பொய்யும் சொல்லிட்டு, நம்ம தொழிலையும் கெடுத்துட்டு, எப்பிடிக் கேள்வி கேக்கணும்னு நமக்கே பாடம் நடத்துறாளுக. அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரல. எதுக்கு வரலைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. கோவம்தான், வேறென்ன.

சரி, வேக்ஸ் பதமாயிருச்சு. கண்ணைத் திறக்காதீங்க. யாரோ படியேறி வர்றாங்க. உங்க மாமியாரா? வாங்கம்மா, வாங்க வாங்க, கீழயே நின்னுட்டீங்களோன்னு இருந்தேன். பூனையைத் தள்ளி விட்டுட்டு அப்பிடி உக்காருங்க. கிட்டத்துலயே உக்காருங்க, நல்லாக் கேக்கட்டும். உங்க மருமககிட்ட ஒரே ஒரு விசயம் கேக்கணும், நீங்களும் இருக்குறது நல்லதாப் போச்சு.

டீச்சர், என்ன, ஏன் எந்திரிச்சுட்டீங்க? இன்னும் நான் கேக்கவே இல்லையே.